வீரர் என்போர் யாவர்?



ஓரறிவுயிர்க்கும் தீங்கு நேராதிருக்க நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கங்கள். அத்தகைய சமயம் தன் தலைவர்களுக்குச் சூட்டியுள்ள பெயர்களைச் சிறிது எண்ணிப் பாருங்கள். ஜினர் என்றால் வென்றவர். இறுதித் தீர்த்தங்கரராகிய வர்த்தமானருக்கு வழங்கும் ஐந்து திருநாமங்களுள் மூன்று வீரத்தைக் குறிப்பன: வீரர், அதிவீரர், மகாவீரர். வாளேந்தாத ஒருவருக்குப் போர்க்களத்துச் சொற்கள் ஏன் வந்தன?

இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மகாவீர் ஜயந்தி விழாக்களில் நம் சிறுவர்க்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். "வரலாற்று வீரர்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும். யானைப்படை, குதிரைப்படை, வென்ற நாடுகளின் பட்டியல் என்று பிள்ளைகள் பொழிந்து தள்ளுகின்றனர். நாமும் கைதட்டிப் பரிசு அளிக்கிறோம். அதே மேடையில் சற்று நேரத்திற்கெல்லாம் அகிம்சையைப் பற்றிப் பெரியவர் ஒருவர் பேசுவார். முன்னது உண்மையா, பின்னது உண்மையா என்று அப்பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். ஸ்ரீபுராணத்தைச் செவியுற்று வளர்ந்தவர்கள் அறுபத்து மூன்று சலாகா புருஷர்களை அறிவர். தீர்த்தங்கரர் இருபத்து நால்வர், சக்கரவர்த்திகள் பன்னிருவர், பலதேவர் ஒன்பதின்மர், வாசுதேவர் ஒன்பதின்மர், பிரதிவாசுதேவர் ஒன்பதின்மர். உலகில் தோன்றிய மாபெரும் மனிதர்களின் பட்டியல் இது. இதில் ஒரு வியப்பு உண்டு. பகைவனை வென்று, மூன்று கண்ட நிலத்தை ஆண்டு, புகழின் உச்சியில் நின்ற வாசுதேவர் நரகம் புகுவதாகவே நம் புராணம் கூறுகிறது. சக்கரவர்த்திகளிலும் பரதர் வீடுபேறு அடைந்தார். சுபௌமனும் பிரமதத்தனும் நரகமே அடைந்தனர். இராம கதையை நாம் சொல்லும் முறையில் இராவணனை வீழ்த்துபவன் இலக்குவன். கொல்லாத இராமனே வீட்டுலகு எய்துகிறான். வீழ்த்தப்பட்ட இராவணனும் அரக்கனாக ஒதுக்கப்படாமல் அறுபத்து மூவருள் ஒருவனாக எண்ணப்படுகிறான்.

இப்பட்டியலை வகுத்தவர்கள் பெருமை வேறு, நன்மை வேறு என்பதைத் தெளிவாகக் கண்டிருக்கின்றனர். ஆற்றல் மிக்கவனைப் பெரியவன் என்று ஒப்புக்கொண்டனர். ஆயின் அவன் செய்த கொலையின் வினையைத் தள்ளுபடி செய்யவில்லை. புகழுக்காக வினைக்கணக்கைத் திருத்தி எழுதும் வழக்கம் நம் புராணங்களில் இல்லை. வரலாற்றை எழுதும்போது மட்டும் நாம் அந்த நேர்மையைக் கைவிட்டு விடுகிறோமோ என்பதே என் ஐயம்.

நம்மவர் பெருமையுடன் நினைக்கும் காரவேலனையே எடுத்துக்கொள்வோம். ஒடிசா மாநிலத்தில், இன்றைய புவனேசுவரத்தை அடுத்த உதயகிரிக் குன்றில் ஹாத்தி கும்பா என்னும் குகை உள்ளது. அதன் நெற்றியில் பதினேழு வரிகளில் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் ஒரு சாசனம் காணப்படுகிறது. கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அருகர்க்கும் சித்தர்க்கும் வணக்கம் கூறித் தொடங்கும் அச்சாசனத்தைக் காணும்போது எந்தச் சமணரின் உள்ளமும் பூரிக்கும். நாள்தோறும் நாம் ஓதும் பஞ்ச நமஸ்காரத்தின் முதற்சொற்கள் அல்லவா அவை!

கலிங்க வேந்தன் காரவேலன் இருபத்து நான்கு வயது நிரம்பியபின் முடிசூடினான். முதலாண்டிலேயே புயலால் சிதைந்த கோட்டை வாயில்களையும் மதில்களையும் கட்டடங்களையும் சீர்செய்தான், ஏரிக்கரைகளை வலுப்படுத்தினான், தோட்டங்களைப் புதுக்கினான். முப்பத்தைந்து இலட்சம் காசுகளைச் செலவிட்டு மக்களை மகிழ்வித்தான். ஐந்தாம் ஆண்டில், பண்டு நந்த மன்னன் வெட்டிய கால்வாயைத் தன் தலைநகர் வரை நீட்டிக் கொணர்ந்தான். ஆறாம் ஆண்டில் நகரத்தார்க்கும் நாட்டார்க்கும் வரிகளை நீக்கினான். பதின்மூன்றாம் ஆண்டில் குமரிக் குன்றில் துறவியர் தங்குதற்குக் குகைகள் அமைத்தான். எல்லாச் சமயத்தாரையும் போற்றுபவன், எல்லாக் கோயில்களையும் புதுப்பிப்பவன் என்று அவன் தன்னைக் கூறிக்கொள்ளும் இடம் என்னைப் பெரிதும் கவர்ந்தது. நம் சமயத்தைப் பின்பற்றிய ஓர் அரசன் பிறர் கோயில்களையும் பழுது பார்த்ததைத் தன் பெருமையாகக் கருதினான் என்பது சிறிய செய்தி அன்று.

இவையெல்லாம் ஒருபுறம். அதே பதினேழு வரிகளுக்குள் வேறு செய்திகளும் உள்ளன. ஏறத்தாழ ஓராண்டு விட்டு ஓராண்டு படையெடுப்புகள் நிகழ்கின்றன. பதினோராம் ஆண்டில் பிதுண்டம் என்னும் நகரைக் கழுதை ஏர் பூட்டி உழுதான் என்று அறிஞர் படித்துள்ளனர். பகைவர் ஊரைக் கழுதை கொண்டு உழுவது நம் சங்கப் பாடல்களும் அறிந்த செயலே. ஓர் ஊரை வென்றதோடு நில்லாமல், அங்கு மீண்டும் மனிதர் குடியேறலாகாது என இழிவுபடுத்துவது அதன் நோக்கம். அவ்வாண்டுச் செய்தியிலேயே தமிழ் நாட்டவரின் நெடுநாளைய கூட்டணியொன்றை முறித்ததாகவும் அவன் கூறுகிறான். தமிழராகவும் சமணராகவும் உள்ள நாம் அவ்வரியை எந்தக் கண்ணால் படிப்பது? நம்மவன் வென்றான் என்று மகிழ்வதா, நம்மவர் தோற்றனர் என்று வருந்துவதா? இந்த இக்கட்டு நமக்கு நல்லதே. இருபுறமும் நம்மவர் இருக்கும்போதுதான் வெற்றி என்பதன் மறுபக்கம் நம் கண்ணுக்குப் புலனாகிறது.

பன்னிரண்டாம் ஆண்டில் அவன் மகதத்தின் மீது சென்றான். முன்னொரு காலத்தில் நந்த மன்னன் எடுத்துச் சென்றிருந்த கலிங்க ஜினரின் திருவுருவை மீட்டு வந்தான். நம் இதழ்களிலும் சொற்பொழிவுகளிலும் பெரிதும் பேசப்படுவது இச்செயலே. இல்லறத்தாருக்கு விரோதி இம்சை, அதாவது தன்னையும் தன் அறத்தையும் காக்க நேரும்போது தவிர்க்க இயலாது நிகழும் கொலை, முற்றாக விலக்கப்படவில்லை என்று நம் நூல்கள் கூறுவதைச் சான்று காட்டுவோரும் உளர். கவர்ந்து செல்லப்பட்ட திருவுருவை மீட்டது அவ்வகையில் அடங்கும் என்று வாதிடலாம், நானும் மறுக்கவில்லை. பிதுண்டத்தை உழுதது அவ்வகையில் அடங்குமா? அடங்காது. கருதிச் செய்த இம்சையைக் காப்பு என்று பெயர் மாற்றி அழைத்தால் விரோதி இம்சை என்னும் அந்த வரையறையே பொருளற்றுப் போகும்.

காரவேலனின் சாசனம் கால்வாயையும் கழுதை ஏரையும் ஒரே குரலில், ஒரே பெருமிதத்துடன் சொல்லிச் செல்கிறது. அவனுக்கு இரண்டும் புகழே. அவற்றைப் பிரித்துக் காண்பது பின்வந்த நம் கடமை. என்னைக் கேட்டால், வரி நீக்கிய ஆறாம் ஆண்டுக்காகவும் புயலுக்குப் பின் மதிலும் ஏரியும் சீர்செய்த முதலாண்டுக்காகவும் அவனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். பதினோராம் ஆண்டையும் மறையாமல் சொல்லுவேன்.

அதே கலிங்க மண்ணில், உதயகிரியிலிருந்து சில கல் தொலைவிலேயே, தௌலி என்னும் இடத்தில் அசோகனின் பாறைச் சாசனங்கள் உள்ளன. காரவேலனுக்கு முற்பட்டவை. அசோகன் முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்றான். அப்போரில் ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். ஓர் இலட்சம் பேர் களத்தில் மாண்டனர். அதனினும் பன்மடங்கினர் பின்னர் இறந்தனர். இக்கணக்கை நமக்குத் தருவது பகைவர் எழுதிய நூல் அன்று. அவனே தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் பொறித்து வைத்தான். அதற்காகத் தான் வருந்துவதாகவும் பொறித்தான். வென்ற அரசன் கொன்ற கணக்கைத் தன் துயரமாகக் கல்லில் எழுதுவது உலக வரலாற்றிலேயே அரிது. உறவினரையும் நண்பரையும் இழந்தோரின் துன்பத்தையும் அவன் அதில் நினைவுகூர்கிறான். அவன் பௌத்த நெறியைத் தழுவியவன் என்பதற்காக நாம் இப்பெருமையைக் குறைத்துப் பேசுதல் தகாது.

எனினும் ஒரு செய்தியை அறிந்த நாள் முதல் என் மனம் அதை விட்டகலவில்லை. அப்பதின்மூன்றாம் சாசனம் வடமேற்கு எல்லையில் உண்டு, மேற்கே கிர்நாரில் உண்டு, கலிங்கத்தில் இல்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் மற்ற சாசனங்கள் பொறிக்கப்பட்டிருக்க, பதினொன்று முதல் பதின்மூன்று வரையிலான மூன்று மட்டும் விடப்பட்டு, அவற்றின் இடத்தில் அந்நாட்டுக்கென்றே எழுதப்பட்ட வேறு இரு சாசனங்கள் உள்ளன. மக்கள் அனைவரும் தன் மக்களைப் போன்றவர் என்றும், காரணமின்றி எவரையும் சிறையிட்டுத் துன்புறுத்தலாகாது என்றும் அதிகாரிகளுக்கு அவற்றில் அவன் அறிவுறுத்துகிறான். நல்ல ஆணைகளே. ஆயினும் தான் வருந்துவதைத் தன்னால் வருந்தியவர்களிடம் மட்டும் அவன் சொல்லவில்லை. ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்று எண்ணினானோ, ஆட்சிக்கு ஊறு நேரும் என்று அஞ்சினானோ, யார் சொல்ல வல்லார்? நாடு கடத்தப்பட்ட ஒன்றரை இலட்சம் பேரைத் திருப்பி அனுப்பியதாகவும் அச்சாசனம் கூறவில்லை.

தவத்தின் உட்பிரிவாகிய பிராயச்சித்தத்துக்கு ஒன்பது வகை கூறும் நம் தத்துவார்த்த சூத்திரம் ஆலோசனையை முதலில் வைக்கிறது. செய்த குற்றத்தை ஒளிக்காமல் குருவின் முன் எடுத்துரைப்பது அது. அடுத்தது பிரதிக்கிரமணம், குற்றத்திலிருந்து திரும்புதல். அசோகன் திரும்பினான் என்பதில் ஐயமில்லை. அதன்பின் அவன் அத்தகைய போர் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. எடுத்துரைத்தான் என்பதும் மெய்யே. ஆனால் எவர் முன்? இவ்வினாவைத் தொடுக்கும்போது நம்மையும் நோக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தசலட்சண விரத முடிவில், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு அச்சிட்ட அட்டைகளை வெளியூர் உறவினர்க்கெல்லாம் அனுப்புகிறோம். வரப்புத் தகராறில் முகம் பாராது போகும் பங்காளியின் வீட்டுக்கு அவ்வட்டை போவதில்லை. அவர் வீடு நம் வீட்டிலிருந்து நான்காவது வீடாக இருக்கும்.

எதிரே நின்று பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவைக் காட்டிய தலைவர் ஒருவரை அண்மைக் காலத்தில் நாம் கண்டோம். 1888-இல் இலண்டன் செல்லுமுன், பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் முன்னிலையில் தாயிடம் மூன்று விரதங்களை ஏற்றுச் சென்ற அந்த இளைஞர், 1922 பிப்ரவரியில் நாட்டின் மாபெரும் இயக்கத்தின் தலைவராக இருந்தார். சௌரி சௌராவில் மக்கள் காவல் நிலையத்துக்குத் தீயிட்டு இருபதுக்கும் மேற்பட்ட காவலரைக் கொன்றனர். காந்தியடிகள் இயக்கத்தையே நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். அவருடைய தோழர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தனர். அவர்கள் மனம் கொதித்தனர். அரசியல் கணக்கில் அது சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. மாண்டவர் எதிர்த்தரப்பின் காவலர். தீயிட்டவர் தம் தரப்பினர். அந்நிலையிலும் குற்றத்தைத் தம்முடையதாக ஏற்றார் என்பதே நாம் கருத வேண்டியது.

இங்கு நம்மவர் ஒரு தடை எழுப்பக்கூடும். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகிய உபகூகனம், பிறர் குற்றத்தை மறைக்க வேண்டும் என்றல்லவா கூறுகிறது? நம் சமயத்து மன்னர்களின் குறைகளை இதழில் எழுதுவது அதற்கு முரண் அல்லவா?

கதையை நினைவுகூர்வோம். ஜினேந்திரபக்தன் என்னும் வணிகனின் மாளிகைச் சைத்தியாலயத்தில் பார்சுவநாதர் திருவுருவின் குடையில் ஒரு மணி ஒளிர்ந்தது. அதைத் திருட விரதியின் வேடம் பூண்டு வந்த கள்வன் ஒருவன் நம்பிக்கை பெற்று, ஓரிரவு மணியைக் கவர்ந்து ஓடினான். காவலர் துரத்தினர். அவன் அவ்வணிகனிடமே அடைக்கலம் புகுந்தான். உண்மை உணர்ந்த ஜினேந்திரபக்தன், நான் சொல்லித்தான் இவர் மணியைக் கொணர்ந்தார் என்று காவலரிடம் கூறி அனுப்பிவிட்டான். ஒருவன் செய்த களவால் விரதியர் அனைவர்க்கும் பழி வரலாகாது என்பது அவன் கருத்து. பலர் கதையை இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். காவலர் சென்றபின் அவன் அக்கள்வனைத் தனியே கடிந்து வெளியேற்றினான் என்பது கதையின் பிற்பகுதி. மணியை அவனிடம் விட்டுவிடவும் இல்லை. மறுநாள் அவனை விரதி என்று கொண்டாடவும் இல்லை. வலுவற்ற ஒருவனின் வீழ்ச்சியால் நெறிக்கு இழுக்கு வாராமல் காப்பதே உபகூகனம். வலுமிக்க ஒருவனின் குற்றத்தைக் குணமென்று போற்றுவதற்கு அதில் இடமில்லை. முன்னது இரக்கத்தால் வருவது. பின்னது பற்றினால் வருவது.

பற்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கையில் குறைந்த சமூகத்தினராகிய நாம், வரலாற்றில் நமக்கு ஆதரவு தந்த மன்னரை எண்ணி ஆறுதல் பெறுகிறோம். இது இயல்பு. ஆனால் நம் பள்ளிக்கு நிலம் விட்டவன் பேரரசன், விடாதவன் கொடுங்கோலன் என்ற அளவுகோல் வந்துவிட்டால், நாம் அளப்பது அவன் குணத்தை அன்று. நமக்கு வந்த ஆதாயத்தை. போளூரை அடுத்த திருமலையில் குந்தவை பெயரால் ஜினாலயம் விளங்குவது நமக்கு மகிழ்ச்சி. அதற்காகவே சோழர் படையெடுப்புகளில் எரிந்த ஊர்களெல்லாம் எரியாதவை ஆகிவிடுமா?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுக்கும் எட்டுப் பேரை எடுத்துக்காட்டாக நம் ஆசிரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் நிறுத்துகிறார். அவர்கள் யாவர் என்று பாருங்கள். முதல்வனாகிய அஞ்சனன் ஒரு திருடன். அனந்தமதி ஓர் இளம்பெண். இரேவதி ஓர் அரசி. மூன்றாம் அங்கமாகிய வெறுப்பின்மைக்கு நிறுத்தப்பட்ட உத்தாயனன் அரசன். அவன் எந்த நாட்டை வென்றான் என்று கதை நமக்குச் சொல்வதில்லை. நோயால் உடல் அழுகிய முனிவர் ஒருவர் அவன் அரண்மனைக்கு வந்தார். அரசனும் அரசியும் தாமே உணவளித்தனர். உண்டதையெல்லாம் அவர் அவர்கள் மேலேயே உமிழ்ந்தார். தீநாற்றம் பொறாது பணியாளர் ஓடினர். அரசனோ, பொருந்தாத உணவை அளித்துவிட்டேனே என்று தன்னை நொந்து, அம்முனிவரின் உடலைக் கழுவத் தொடங்கினான். தேவன் ஒருவன் சோதிக்க வந்த வேடம் அது என்பது பின்னர் வெளிப்படுகிறது. அது எனக்கு அவ்வளவு முதன்மையாகத் தோன்றவில்லை. கழுவும்போது அவ்வரசன் அதை அறியான். மணிமுடி தரித்த ஒருவனின் வாழ்நாளில் நினைவுகூரத் தக்க ஒரே நிகழ்ச்சியாக நம் முன்னோர் இதைத் தேர்ந்தெடுத்தனர். பேச்சுப் போட்டியில் எந்தச் சிறுவனும் உத்தாயனனைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

போர்வீரரே ஒருவர் இதை உணர்ந்திருந்தார் என்பதற்குச் சிரவணபெளகுளம் சான்றாக நிற்கிறது. கங்க மன்னரின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய சாமுண்டராயர் பல போர்களில் வென்று சமர துரந்தரர், வீர மார்த்தாண்டர், ரணரங்க சிங்கர் என்றெல்லாம் பட்டங்கள் பெற்றவர். விளையாட்டுக்கும் பொய் கூறாதவர் என்பதால் சத்திய யுதிஷ்டிரர் என்னும் பெயரும் அவருக்கு உண்டு. 978-இல் கன்னடத்தில் அறுபத்து மூவர் புராணம் இயற்றியவரும் அவரே. வாசுதேவர்கள் எங்கே சென்றனர் என்பதைத் தம் கையாலேயே எழுதியவர். அப்படிப்பட்டவர் விந்தியகிரியில் ஐம்பத்தேழு அடி உயரத்தில் எழுப்பியது எவருடைய உருவம்? கண்பார்வைப் போரிலும் நீர்ப்போரிலும் வென்று, மற்போரில் அண்ணன் பரதனைத் தலைக்குமேல் தூக்கி, நிலத்தில் அறையும் தருணத்தில் மெல்ல இறக்கிவிட்ட பாகுபலியின் உருவம். தூக்கி நிற்கும் கோலத்தை அவர் வடிக்கச் செய்யவில்லை. கொடி படர, புற்று வளர, அசையாது நிற்கும் கோலத்தையே வடிக்கச் செய்தார். அவ்வாறு ஓராண்டு நின்றபோதும், என்னால் அண்ணனுக்குத் துன்பம் நேர்ந்ததே என்ற ஒரு முள் பாகுபலியின் உள்ளத்தில் தங்கியிருந்தது என்று ஆதிபுராணம் கூறுகிறது. பரதர் வந்து வணங்கியபின்பே அது நீங்கி, முழுதுணர் ஞானம் தோன்றியது. தவறு தம்முடையது அல்லாதபோதும் பிறர் துயரத்தைத் தம் கணக்கில் வைத்தவர் அவர்.

முதல் அபிடேகத்தின்போது சாமுண்டராயருக்கே செருக்குத் தோன்றியது என்று அவ்வூரில் வழங்கும் கதையை யாத்திரை சென்றவர் பலரும் கேட்டிருப்பீர்கள். குடம் குடமாகப் பாலைச் சொரிந்தும் அது தொடைக்குக் கீழே இறங்கவில்லையாம். கிழவி ஒருத்தி சிறியதொரு காயின் ஓட்டில் கொண்டுவந்த சிறிதளவு பாலை வார்த்ததும், திருவடி வரை நனைந்து குன்றெல்லாம் வழிந்ததாம். கதையின் மெய்மையை ஆராய வேண்டியதில்லை. குல்லகாயஜ்ஜி என்னும் அம்மூதாட்டியின் உருவம், கோயில் வாயிலுக்கு வெளியே, கையில் அச்சிறு கலத்துடன் கோம்மடரை நோக்கி இன்றும் நிற்கிறது. மேலே ஏறும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அடுத்த முறை குடும்பத்துடன் செல்வோர் அவ்விடத்தில் சற்றே நின்று, சாமுண்டராயரைப் பற்றியும் அக்கிழவியைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒருசேரச் சொல்லுங்கள். இருவரில் யார் வீரர் என்று அவர்கள் கேட்பார்கள். உடனே விடை சொல்லிவிடாமல் அவர்களையே முதலில் பேச விடுங்கள்.